"துடைக்காதீங்க சார், ஒத்தி எடுங்க!" - கறுப்பு காரில் விழுந்த கீறலும், ஒரு மன்னிப்பும்

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தியபோதுதான் அது அவர் கண்ணில் பட்டது.

இரவு எட்டு மணி. மேற்கூரையின் வெள்ளை எல்.இ.டி விளக்குகள் காரின் கறுப்பு பானெட்டில் அப்படியே தெரிந்தன. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். வட்டத்துக்குள் வட்டமாக, சிலந்தி வலை மாதிரி.

பின் சீட்டிலிருந்து இறங்கிய 9 வயது மகள் கேட்டாள். "அப்பா, நம்ம கார்ல யாருப்பா கோலம் போட்டது?"

சென்னை மேடவாக்கத்தில் வசிக்கும் அவருக்கு வயது 38. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. தை மாதம் எடுத்த கார் அது. "கறுப்பு வேணாம்டா, தூசி அப்பட்டமா தெரியும்" என்று அம்மா சொன்னதையும் மீறி ஆசைப்பட்டு வாங்கியது. 84 மாத இ.எம்.ஐ-யில் மூன்று தவணைதான் முடிந்திருந்தது.

யார் என்று யோசிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அப்பார்ட்மென்ட்டில் தினமும் விடியற்காலை கார் துடைக்க வரும் அண்ணன்தான். கையில் துணியைச் சுருட்டி வட்டம் வட்டமாகத் துடைப்பார். பால்கனியில் காபி குடித்தபடி இவரே எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். துடைத்ததும் வட்டம், விழுந்த கோடும் வட்டம். இதற்கு மேல் சாட்சி எதற்கு?

குரூப்பில் ஒரு போட்டோ

மறுநாள் காலை ஆறு மணிக்கே கீழே இறங்கிவிட்டார்.

"என்னண்ணா இது? புது வண்டி. மூணு மாசத்துல இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க?"

அண்ணனுக்கு 60 வயது இருக்கும். குனிந்து பார்த்தார். நிழலில் எதுவும் தெரியவில்லை. "நான் ஒண்ணும் பண்ணலையே சார். உங்க வீட்ல கொடுத்த பனியன் துணியிலதான் தொடைக்கிறேன்" என்றார்.

அந்தப் பதில் இவருக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. முந்தைய இரவு எடுத்த போட்டோவை அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். 'கார் வைத்திருப்பவர்கள் செக் பண்ணிக்கொள்ளவும்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். அன்று மாலைக்குள் செல்போன் டார்ச்சோடு பார்க்கிங்கில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. 'எங்க காரிலும் இருக்கு', 'எங்களுதிலும் இருக்கு' என்று பதில்கள் வந்து விழுந்தன.

11 கார்களுக்குத் தலா 600 ரூபாய் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த அண்ணனிடம், அந்த மாதம் முடிவதற்குள் நான்கு பேர் 'இனிமே வேணாம்' என்று சொல்லிவிட்டார்கள். மாதம் 2,400 ரூபாய் போனது. அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. மீதி ஏழு கார்களைத் துடைத்துவிட்டுப் போனார். இவருடைய காரைக் கடக்கும்போது மட்டும் ஓரமாகச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

அண்ணன் தொடாத கதவு

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இவரே கழுவ ஆரம்பித்தார். மகளும் கூட வருவாள். கார் ஷாம்பூ, ஸ்பாஞ்ச், ஒரு பக்கெட். கழுவி முடித்ததும் வீட்டில் இருந்த பழைய துண்டால் துடைப்பார். அண்ணனைப் போல வட்டமாக அல்ல, முன்னும் பின்னும் நேர்க்கோட்டில் மட்டும். அதில் உறுதியாக இருந்தார்.

மே மாதக் கடைசியில் சிக்னலில் ஒரு டூவீலர் உரசி, இடது பக்கப் பின்கதவில் பெயின்ட் போனது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து அந்தக் கதவை மட்டும் புதிதாக பெயின்ட் அடித்து வாங்கினார்.

ஆகஸ்ட்டில் ஒருநாள் அதே பெட்ரோல் பங்க். அதே விளக்கு. புதிதாக பெயின்ட் அடித்த அந்தக் கதவில் வட்டம் வட்டமாக அதே கோலம்.

அப்போதும் அவருக்கு முதலில் வந்த நினைப்பு, 'பெயின்ட்டர் ஏமாத்திட்டான்' என்பதுதான். நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சத்தம் போட்டார். பெயின்ட்டர் பதில் பேசாமல் தன் செல்போன் டார்ச்சைப் போட்டுக் கதவில் காட்டினார். டார்ச்சைச் சுற்றி வட்டம். டார்ச்சை மெள்ள நகர்த்தினார். வட்டமும் கூடவே நகர்ந்தது. கதவின் மேல் மூலைக்குக் கொண்டுபோனார். வட்டமும் அங்கே போனது.

"பாத்தீங்களா சார்? யாரும் போட்ட வட்டம் இல்ல இது. லைட்டு போடற வட்டம்."

எவர்சில்வர் தட்டு சொல்லும் ரகசியம்

விஷயம் எளிமையானதுதான். சந்தேகம் இருந்தால் சமையலறையில் இருக்கும் பழைய எவர்சில்வர் தட்டை எடுத்து பல்பு வெளிச்சத்தில் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி வட்டக் கோடுகள் தெரியும். தட்டைச் சாய்த்தால் அவையும் நகரும். உண்மையில் அந்தத் தட்டில் எல்லாத் திசையிலும் கீறல்கள் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காக இருக்கும் கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மற்றவை மறைந்துவிடுகின்றன. அதனால்தான் நேராகத் துடைத்தாலும், குறுக்காகத் துடைத்தாலும், பார்ப்பவர் கண்ணுக்கு வட்டமாகவே தெரிகிறது.

அப்படியானால் கீறுவது எது? துணியா? துணி நேரடிக் குற்றவாளி இல்லை. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் தூசிதான். தெருப்புழுதியில் பொடி மணல் நிறைய இருக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ், தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7-ல் நிற்பது. ஜன்னல் கண்ணாடியையே கீறக்கூடியது.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே 'கிளியர் கோட்' என்ற நிறமற்ற படலம் ஒன்று இருக்கிறது. அந்தப் பளபளப்பு முழுக்க அதன் உபயம்தான். அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது, ஒரு முடியைவிட மெல்லிய படலத்தின் மீதுதான் தினமும் காலையில் மணலை வைத்துத் தேய்க்கிறோம்.

கழுவும்போது மட்டுமல்ல, கழுவிய பிறகு துடைக்கும்போதும் ஆபத்து உண்டு. நுரை இருக்கும்வரை துணி வழுக்கிக்கொண்டு போகும். அலசிய பிறகு அந்த வழுக்கல் இல்லை. எங்கோ ஒரு மூலையில் போகாமல் நின்ற மண்துகள் ஒன்று துணியில் ஏறினால் போதும். கதவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அதுவும் கூடவே பயணிக்கும்.

"இந்தக் கதவு புது பெயின்ட் வேற. முழுசா இறுக நாளாகும். அதான் சீக்கிரமே விழுந்திருக்கு" என்றார் பெயின்ட்டர். "முன்னாடி பானெட்ல இருந்தது?" என்று இவர் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். "அதுல தினம் தொடச்சவர் கோடும் இருக்கும். நீங்க தொடச்ச கோடும் இருக்கும். டெலிவரி கொடுக்கறதுக்கு முன்னாடி கழுவுனவங்க கோடும் இருக்கும். எது யாரு கோடுன்னு எப்படி சார் பிரிக்கிறது?"

அண்ணன் ஒருநாளும் தொடாத கதவு அது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

"பட்டுப்புடவையைத் தேய்ப்பியா?"

அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். துடைத்தாலும் கீறுகிறது. துடைக்காமல் விட்டாலும் வழியில்லை. அவர்கள் அப்பார்ட்மென்ட்டில் போர் தண்ணீர். அப்படியே காயவிட்டால் தண்ணீர் ஆவியாகி, அதிலிருக்கும் கால்சியம், மக்னீசிய உப்புகள் வெள்ளை வெள்ளைப் புள்ளியாக வண்டி முழுக்கப் படிந்துவிடும். ஹீட்டர் காயிலில் படிகிற அதே வெள்ளை. வெயிலில் சூடாக இருக்கும் பானெட்டில் அந்தப் புள்ளி இன்னும் வேகமாகக் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பிறகு லேசில் போகாது.

அம்மா கேட்டார். "கல்யாண வீட்ல பட்டுப்புடவையில சாம்பார் சிந்திடுச்சுன்னா என்ன பண்ணுவோம்? போட்டுத் தேய்ப்போமா? ஒத்தித்தானே எடுப்போம்!"

அம்மா சொன்னதும், பெயின்ட்டர் சொல்லி அனுப்பியதும் ஒன்றுதான். தண்ணீரைத் தள்ளக் கூடாது. துணி அதை உறிஞ்சிக்கொள்ள விட வேண்டும்.

அதற்கு ஏற்ற துணியும் வேண்டும். பழைய பனியனில் தையலும் முடிச்சும் உண்டு. துணி தட்டையாக இருப்பதால் தூசி உள்ளே போக இடமில்லாமல் மேலேயே நின்று கீறும். தேங்காய்ப்பூ துண்டு பரவாயில்லை. ஆனால், உப்புத் தண்ணீரில் துவைத்துத் துவைத்து அது மொறமொறவென்று ஆகியிருக்கும். சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி உள்ளே டேஷ்போர்டு துடைக்கப் போதும், பெயின்ட்டுக்கு வேண்டாம்.

மைக்ரோஃபைபர் டவல் வேலை செய்யும் விதம் வேறு. பாலியஸ்டரும் பாலிமைடும் கலந்த, முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளைப் பிளந்து நெய்த துணி அது. இழைகளுக்கு நடுவே இருக்கும் எண்ணற்ற இடைவெளிகள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்சம் மீதி தூசி இருந்தாலும், அடர்ந்த இழைகளுக்குள்ளே இறங்கிவிடும், பெயின்ட்டின் மேல் உரசாது. கடையில் கேட்கும்போது ஜி.எஸ்.எம் பார்த்து வாங்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. கண்ணாடிக்கு 300 போதும். பாடியை உலர்த்த 500-க்கு மேல் இருந்தால் நல்லது.

"ஒரு பக்கெட் தண்ணில எத்தனை வண்டி சார்?"

அடுத்த நாள் காலை அவர் பார்க்கிங்கில் காத்திருந்தார். அண்ணன் வந்ததும் எழுந்து நின்றார்.

"அண்ணா, தப்பு என் மேலதான். தெரியாம பேசிட்டேன். குரூப்ல போட்டது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

அண்ணன் பக்கெட்டைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"என் துணியாலயும் கோடு விழுந்திருக்கும் சார். இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார் பிறகு. "சின்ன வயசுல ஒரு வீட்ல டிரைவரா இருந்தேன். அம்பாசடர் வண்டி. அங்க தோல் துணி ஒண்ணு கொடுத்திருந்தாங்க. நனைச்சுப் புழிஞ்சு, மேல போட்டு அப்படியே இழுப்போம். ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரம். அந்த வேலை எனக்குத் தெரியும். இங்க தண்ணி லாரிக்குக் காசு அதிகமாகுதுன்னு ரெண்டு பக்கெட்தான் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. 11 வண்டி. எட்டு மணிக்குள்ள எல்லாரும் ஆபீஸ் கிளம்பணும். ஒரு பக்கெட் தண்ணில எத்தனை வண்டி சார் தொடைக்கிறது? நாலாவது வண்டிக்கு வர்றப்பவே தண்ணி காபி கலர்ல இருக்கும்."

இரண்டு பக்கெட் என்று முடிவெடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் இவரும் கை தூக்கியிருந்தார்.

அன்று மாலை குரூப்பில் இரண்டாவது செய்தி போட்டார். 'ஏப்ரலில் நான் போட்ட போட்டோ தவறான குற்றச்சாட்டு. அண்ணன் தொடாத கதவிலும் அதே கோடுகள் இருக்கின்றன. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்' என்று தொடங்கி, எவர்சில்வர் தட்டுக் கதைவரை எழுதினார். முதல் போட்டோவுக்கு வந்த அளவுக்கு இதற்குப் பதில்கள் வரவில்லை. ஆனால், இரண்டு பேர் இரவே தட்டை எடுத்து பல்பில் காட்டிப் பார்த்துவிட்டு போட்டோ அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் விதி மாறியது. தினமும் காய்ந்த வண்டியைத் துணியால் துடைப்பது நின்றது. கீறல் விழ அதைவிடச் சுலபமான வழி வேறு இல்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு காருக்கும் வாரத்துக்கு இரண்டு முறை முறையான கழுவல். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு கார்கள் மட்டும். கழுவும் காருக்கு இரண்டு பக்கெட் புதுத் தண்ணீர். அதே 600 ரூபாய் சம்பளம். துணியை அவரவர் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கார் கழுவிய பின் இப்படி உலர்த்துங்கள்!

அண்ணன் இப்போது செய்யும் முறை இதுதான். வீட்டில் நீங்களே கழுவினாலும் இதைப் பின்பற்றலாம்.

* வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

* கடைசி அலசலில் ஹோஸின் முனையைக் கழற்றிவிட்டு, தண்ணீரை மேலிருந்து மெதுவாக வழியவிடுங்கள். பீய்ச்சி அடித்தால் துளித்துளியாக நிற்கும். வழியவிட்டால் பாதித் தண்ணீர் தானாகவே ஓடிவிடும். ஹோஸ் இல்லாவிட்டால், மக்கில் எடுத்துக் கூரையிலிருந்து நிதானமாக ஊற்றினாலும் போதும்.

* டவலை முழுதாக விரித்துக் கூரையில் போடுங்கள். உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டு, அப்படியே தூக்கிவிடுங்கள். பெரிய பரப்பாக இருந்தால், இரண்டு முனைகளையும் பிடித்து உங்கள் பக்கம் மெதுவாக இழுக்கலாம். டவலின் சொந்த எடை போதும். கையால் அழுத்தக் கூடாது.

* வரிசை முக்கியம். கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, கடைசியாகக் கீழ்ப்பாதி. சேறும் மணலும் அதிகம் இருப்பது கீழேதான். கீழே தொட்ட டவல் மறுபடி மேலே போகக் கூடாது. சக்கரங்களுக்குத் தனித் துணி.

* கதவுகளுக்கு டவலை இரண்டு முறை மடித்து வைத்துக்கொண்டால், பயன்படுத்த எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒன்று ஈரமானால் அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம்.

* டவலின் ஓரத்தில் இருக்கும் லேபிளை முதல் நாளே வெட்டிவிடுங்கள். அதுவும் கீறும்.

* டவல் தரையில் விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. உதறிவிட்டுத் தொடராதீர்கள். துவைத்த பிறகே மறுபடி வண்டிக்கு.

* தண்ணீரை வழித்துத் தள்ளும் ரப்பர், சிலிக்கான் பிளேடுகள் கண்ணாடிக்கு மட்டும். பெயின்ட்டில் இழுத்தால், ஒரே ஒரு மணல் துகள் பெரிய கோடு போட்டுவிடும்.

* சைடு மிரர், கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட் இடுக்குகளில் நிற்கும் தண்ணீர் பிறகு வழிந்து கறை போடும். வண்டியைக் கொஞ்சம் ஓட்டி நிறுத்திவிட்டு, வழிந்ததை ஒத்தி எடுங்கள்.

* மைக்ரோஃபைபர் டவலைத் தனியாகத் துவையுங்கள். பருத்தித் துணிகளோடு போட்டால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். வாசனைக்காக ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம். அது இழைகளை அடைத்து, உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். நிழலில் உலர்த்துங்கள்.

ஏற்கெனவே விழுந்த கோடுகளுக்கு? நகத்தால் குறுக்கே மெதுவாகத் தடவிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் மேலோட்டமான கீறல்தான், மெஷின் பாலிஷில் போய்விடும். ஆனால், பாலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலை அல்ல. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் சேர்த்து இழைத்துச் சமமாக்கும் வேலை. முடியைவிட மெல்லிய படலத்தை எத்தனை முறை இழைக்க முடியும்? அதனால் வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பி, தினமும் தேய்ப்பதில் அர்த்தமில்லை.

மூன்று கார்கள்

நின்றுபோன நான்கு கார்களில் மூன்று திரும்பி வந்துவிட்டன. ஒரு வீட்டுக்காரர் மட்டும் வேறு ஆளை வைத்துக்கொண்டார். நடுவில் போன நான்கு மாதச் சம்பளத்தை, தன் பங்குக்கு 2,400 ரூபாயாக ஒரு கவரில் போட்டு இவர் நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. "வேலை செய்யாத காசு வேணாம் சார். அதுல ரெண்டு நல்ல டவல் வாங்கிக் கொடுங்க" என்றார்.

வாங்கிக் கொடுத்தார். 600 ஜி.எஸ்.எம். இரண்டும் நீல நிறம்.

பழைய கோடுகளுக்கு அவர் இன்னும் பாலிஷ் போடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் கூரையில் டவலை விரித்துப் போட்டபோது, மகளும் இன்னொரு டவலை எடுத்துக்கொண்டு கதவருகே வந்தாள். அவசரத்தில் பரபரவென்று தேய்க்கப் போனவளின் கையை அண்ணன் மெதுவாகப் பிடித்து நிறுத்தினார்.

"தேய்க்கக் கூடாது கண்ணு. எண்ணெய் தேச்சுக் குளிச்ச அன்னிக்குப் பாட்டி உன் முகத்தை எப்படித் துடைப்பாங்க? அழுத்தாம, ஒத்தி ஒத்தி... அப்படி எடு."

அவள் டவலைக் கதவில் வைத்து இரண்டு கையாலும் மெதுவாகத் தட்டினாள். எடுத்தாள். அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கறுப்புக் கதவில் அவள் முகம் தெரிந்தது.